டிரில்லிங் மெஷின் பத்திக் கேக்க வந்தவருக்கு

வாங்க, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும்ங்க, ஒண்ணும் ஆகாது. எங்க ஊட்டுக்காரி வசந்தாமணி இல்லீங்களே, மரக்கடை வரைக்கும் போயிருக்கா. நீங்க டிரில்லிங் மெஷின் வெசயமா வந்தவருதானுங்களே? சொல்லிட்டுத்தான் போனா. சிங்காநல்லூர்ல இருந்து ஒருத்தரு வருவாரு, ஊட்டுலயே சின்னதா ஒரு பட்டறை போடறாராம், எந்த மெஷின் வாங்கறது, எப்படிக் கை காலுக்குச் சேதமில்லாம ஓட்டறதுன்னு கேக்க வர்றாரு, உக்கார வெச்சு மோர் குடுங்க, வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு. எனக்கு எதுக்குச் சிரமம்னு நெனச்சிருப்பா. எனக்கென்னங்க சிரமம்? அந்த மெஷினை வாங்குனதே நாந்தானே.

இந்தாங்க மோர். டம்ளரை எடது கையில குடுக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வலது கை வெசயத்தை அப்பறம் சொல்றேன்.

என் பேரு நாச்சிமுத்து. மில்லுல முப்பது வருசத்துக்கு மேல இருந்தவன். டைம் ஆபீசுலதான், யாரு வந்தா யாரு போனான்னு குறிச்சுக்கற வேலை. ஆனா ஜன்னலைத் தொறந்தா மெஷின் சத்தந்தானுங்க. எது ஓடுது, எது நின்னு போச்சுன்னு காதாலயே சொல்லிருவேன். தொழிலைக் காதாலயே கத்துக்கிட்டவன்னு வெச்சுக்கங்களேன். வசந்தாமணி, அம்மணின்னுதான் நான் கூப்பிடறது, பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்தவ. துணியும் நூலுந்தான் அவளுக்குத் தெரியும். இதை இப்பவே சொல்லி வெச்சுக்கறேன், ஏன்னா அவ வந்து பேசறப்ப நீங்க அசந்து போயிருவீங்க. அதெல்லாம் எங்கிட்ட இருந்து போனது.

ரிட்டயர் ஆனப்பறம் சும்மா இருக்க முடியலீங்க. காருக்குன்னு ஒரு ஷெட்டு போட்டிருந்தோம், கார் வாங்கவே இல்லை. அதுல பட்டறை போட்டேன். அம்மணி சமையக்கட்டுல கரண்டி மாட்ட ஒரு பலகை கேட்டா. கையில புடிக்கற டிரில்லை வெச்சு ஓட்டை போட்டு, மரக்குச்சி செருகிக் குடுத்தேன். பாதிக் குச்சி மேல பாத்துது, பாதி கீழ பாத்துது. கீழ பாத்ததுல கரண்டி நிக்கல. அவ கரண்டியெல்லாம் மறுபடி டப்பாவுல போட்டுக்கிட்டா. பழகுன பழக்கத்தை மாத்திக்க அவளுக்கு வராதுங்க. ஆனா அன்னைக்கே எனக்கு ஒண்ணு வெளங்கிப் போச்சு. ஓட்டை நேரா எறங்கோணும்னா கையை நம்பப்படாது, நின்னு எறங்கற டிரில்லிங் மெஷின்தான் வேணும்.

டவுனுக்குப் போனோம். அம்மணியும் கூட வந்தா, துணிக்கடை ஏதோ வேலை இருக்குதுன்னு. மெஷின் கடைக்காரரு ரங்கதுரைன்னு பேரு. ரெண்டு வகை இருக்குதுங்க. மேசை மேல வெச்சு ஓட்டறது ஒண்ணு, தரையில ஆள் ஒசரத்துக்கு நிக்கறது இன்னொண்ணு. ஆள் ஒசரத்தைப் பாத்ததும் எனக்குப் புடிச்சுப் போச்சு. பச்சைக் கலர், அம்சமா நின்னுது. அம்மணி அதைப் பாக்கவே இல்லை. மேசை மெஷின்கிட்டப் போயி நின்னுக்கிட்டு, ஓட்டை போடற பிட்டைக் கவ்வற சக் இருக்குதுல்லீங்க, அதைக் கையில புடிச்சு ஆட்டிப் பாக்கறா. எனக்கு மானம் போச்சு.

"என்ன அம்மணி, கத்தரிக்காயா வாங்கற?"

"ஆட்டம் இருந்தா ஓட்டை பெருசாப் போயிருமில்லீங்க"ங்கறா. அப்பறம் ரங்கதுரைகிட்டத் திரும்பி, "ஏனுங்ணா, தையல் மெஷின்ல ஊசி எறங்கறப்பத் துணியை அழுத்திப் புடிக்க ஒரு கால் இருக்கும். இதுல அந்தக் கால் எங்கீங்க?"

நான் சிரிச்சுட்டேன். கடைப் பையனுக சிரிச்சானுக. ரங்கதுரை மட்டும் சிரிக்கல. "அதைத் தனியா வாங்கோணுமுங்க, அக்கா. வைஸ், கிளாம்பும்பாங்க. மெஷின் வாங்கறவங்க நூத்துல பத்துப் பேருகூட அதைக் கேக்கறதில்லை"ன்னாரு. வேவாரி அப்படித்தானுங்களே பேசுவான், இன்னொரு சாமானம் தள்ளோணுமில்ல.

அதோட விட்டாளா? சக் எவ்வளவு கீழ எறங்கும், பலகை வைக்கற மேடை ஏறி எறங்குமா, வேகத்தைக் கூட்டிக் கொறைக்க பெல்ட்டை எப்படி மாத்தறது, எல்லாம் கேட்டா. கடைசில ஸ்விட்சைப் பாத்துட்டு, "இது இத்தனூண்டா இருக்குதே, அவசரத்துக்கு எட்டி அடிக்க முடியாதுங்களே"ன்னா. செவப்பா, உள்ளங்கை அகலத்துக்கு, அடிச்சா நிக்கற ஸ்விட்சு வெச்சது ஒண்ணைக் காட்டுனாரு. அதையே வெச்ச கண்ணு வாங்காம பாக்கறா. செவப்பைக் கண்டா பொம்பளைகளுக்கு அப்படித்தான்.

நான் ஆள் ஒசரத்தைத்தான் எடுத்தேன். "ஏனுங்க, இது ஊட்டுக் கரண்டுல ஓடுங்களா?"ன்னு அம்மணி கேட்டா. ரங்கதுரை வாயைத் தொறக்கறதுக்குள்ள, "அதெல்லாம் ஓடும்"னு நானே சொல்லிட்டேன். ஒரு வேவாரிகிட்டப் போயி நமக்குத் தெரியாதுன்னு காட்டிக்கப்படாதுங்க, ஏமாத்திருவான். வண்டி வெச்சு, நாலு ஆளு புடிச்சு ஷெட்டுல எறக்குனோம். எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு, இது மூணு பேஸ் மோட்டாருங்க, உங்க ஊட்டுக்கு வர்றது சிங்கிள் பேஸுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கடைக்காரன் ஒரு வார்த்தை சொல்லலீங்க பாத்துக்கங்க.

மறுபடி வண்டி, மறுபடி நாலு ஆளு. ரங்கதுரை ஒரு மொனகல் இல்லாம மாத்திக் குடுத்தாரு. அந்தச் செவப்பு ஸ்விட்சு மெஷினைத்தான் எடுத்தாந்தேன். இவ ஒருத்தி ஆசைப்பட்டாளேன்னு விட்டுக் குடுத்தேன். குடும்பம்னா அப்படித்தானுங்களே. அதனால நீங்க வாங்கறப்ப, ஊட்டுக்கு என்ன கரண்டு வருதுன்னு மொதல்ல பாத்துக்கங்க. உங்க வேலைக்கு மேசை மெஷினே தாராளம். சக்கை ஆட்டிப் பாருங்க, வெக்கப்படாதீங்க. இதையெல்லாம் சொல்றதுக்கு ஆளு இருக்காதுங்க.

மெஷின் வந்ததும் பாதுகாப்பு ஏற்பாடு பண்ணுனேன். ஷெட்டுச் சொவத்துல பெயிண்டுல பெருசா எழுதுனேன்: மெஷின் ஓடும்போது பெண்கள் உள்ளே வரக் கூடாது. சேலை முந்தானை இருக்குது, ஜடை இருக்குது, சுத்தற மெஷின்ல மாட்டுனா உசுருக்கே வெனை. நான் எழுதி முடிச்சுட்டுத் திரும்பறேன், என் தோள்ல இருந்த துண்டு நுனி பெயிண்டு டப்பாவுல கெடக்குது. அம்மணி அந்தத் துண்டை உருவிக் கொண்டு போயி மண்ணெண்ணெயில அலசுனா. "நீங்களும் இதைப் போட்டுக்கிட்டு உள்ள போகாதீங்க"ன்னா. பெயிண்டு போகாதுன்னு கவலை அவளுக்கு.

மெஷினை மேசையோட போல்ட்டு போட்டு முறுக்கோணும்னா. இவ்வளவு கனத்துக்கு எங்க போகப் போகுதுன்னேன். மொத நாள் ஓட்டுனப்பக் கொஞ்சம் நடந்துச்சு. மேசை ஓரம் வரைக்கும். மறுநாள் பாத்தா நாலு மூலையிலயும் போல்ட்டு இருக்குது. நான் ரவ்வைக்குத் தூக்கத்துல எந்திரிச்சுப் போட்டனா என்னன்னு எனக்கே சந்தேகம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். சக்கை எறுக்கறதுக்கு ஒரு சாவி இருக்கும். எறுக்குனதும் அதை உருவிரோணும். நான் ஒருக்கா மறந்து ஸ்விட்சைத் தட்டிட்டேன். அது வாசல் வழியா வெளிய தெறிச்சுப் போயி ஓட்டு மேல அடிச்சு, பக்கத்து ஊட்டு சலேத்மேரி அம்மா காயப் போட்டுக்கிட்டிருந்த வடகத்துல விழுந்துச்சு. ஒரு நாலு வெரக்கடை தள்ளியிருந்தா அந்தம்மா மண்டை. சாவி செஞ்சவன் சரியாச் செய்யலீங்க. அன்னைக்குச் சாயங்காலம் அம்மணி ஸ்விட்சுக்கு மேலயே ஒரு ஆணி அடிச்சா. சாவி ஆணியில தொங்குனாத்தான் கை ஸ்விட்சுக்குப் போகோணுமாம். சரி, அவளுக்கும் ஏதாச்சும் பண்ணுன திருப்தி இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்ப வலது கை வெசயத்துக்கு வர்றேன்.

பட்டறைன்னா ஒரு பேருப் பலகை வேணுமில்லீங்க. ‘நாச்சிமுத்து ஒர்க்ஷாப்’னு பித்தளைத் தகட்டுல எழுத்து வெட்டி வாங்கியாந்தேன். மூலையில நாலு ஓட்டை போட்டு வாசல்ல அடிக்கறதுதான் பாக்கி. பாதுகாப்புக்குக் கையில க்ளவுஸ் மாட்டிக்கிட்டேன். நல்ல தடிமனான நூல் க்ளவுஸ். அம்மணி காப்பி கொண்டாந்தவ வாசல்லயே நின்னுட்டா. சொவத்துல எழுதியிருக்குதுல்ல, உள்ள வர மாட்டா.

"ஏனுங்க, கிளாம்பு போடலீங்களா?"

"நாலே ஓட்டை, அம்மணி. அதுக்கு ஒரு கிளாம்பா?"

"மெல்லிசுத் தகடுங்க. கீழயாச்சும் ஒரு பலகை வெச்சு எறுக்குங்க. அப்பறம் அந்தக் க்ளவுஸைக் கழட்டுங்க, பிட்டுல நூல் சுத்திக்கும்."

"க்ளவுஸைக் கழட்டறதா? கைக்குப் பாதுகாப்பு வேண்டாமா?"

"சுத்தற மெஷின்ல அது பாதுகாப்பு இல்லீங்க. புடிச்சு இழுத்துக்கும். சொன்னாக் கேளுங்க."

நான் கேக்கலைன்னு இல்லீங்க. கேட்டேன். கேட்டுக்கிட்டேதான் மொத ஓட்டையைப் போட்டேன், நல்லா விழுந்துச்சு. "பாத்தியா?"ன்னு அவளைத் திரும்பிப் பாத்துக்கிட்டே ரெண்டாவதுக்குக் கைப்பிடியை எறக்குனேன். தகட்டைத் தொளைச்சு மறுபக்கம் வர்ற எடத்துலதானுங்க வெனை. பிட்டு தகட்டைக் கவ்விருச்சு. தகடு காத்தாடி மாதிரி சுத்துது. தள்ளி விடலாம்னு கையைக் கொண்டு போறேன், க்ளவுஸ் நுனி மாட்டிக்கிட்டு என் கையை உள்ள இழுக்குது. கையை இழுக்கறேன், வர மாட்டேங்குது. எனக்கு அதுக்கு மேல சரியா நெனப்பு இல்லை. டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்பறம் மெஷின் நின்னுருச்சு. பாத்தா அம்மணி உள்ள நிக்கறா, உள்ளங்கை அந்தச் செவப்பு ஸ்விட்சு மேல இருக்குது. சொவத்துல எழுதுனதை அவ மீறுனது அந்த ஒரு நாள்தானுங்க. அதை நான் மன்னிச்சு விட்டுட்டேன்.

அந்த நேரத்துல நான் பதட்டப்படாம நின்னதாலதான் ரெண்டு வெரலோட போச்சு. போச்சுன்னா, இருக்குதுங்க, இதா பாருங்க. நடு வெரலும் மோதர வெரலும். நரம்பு அறுந்து எலும்பு ஒடஞ்சுது. ஆபரேசன் பண்ணிச் சேத்து வெச்சாங்க. கட்டுப் பிரிச்சப்பறம் ரெண்டும் மரக்குச்சி மாதிரி நின்னுது. மடங்கலை. பயிற்சி பண்ணுனா வரும், விட்டுட்டா அப்படியே நின்னு போகும்னு டாக்டரு சொன்னாரு.

பயிற்சி குடுக்கறதுக்கு நிலோபர்னு ஒரு புள்ளை. நல்ல புள்ளைதான். ஆனா என் முன்னால என்னத்தை வெச்சா தெரியுங்களா? ஓட்டை ஓட்டையா ஒரு பிளாஸ்டிக் பலகை, கலர் கலராக் குச்சி. "அங்கிள், ஒண்ணொண்ணா எடுத்து ஓட்டையில செருகுங்க"ங்கறா. பக்கத்துல ஒரு நாலு வயசுக் கொழந்தை அதையே செருகிக்கிட்டு இருக்குது. அது என்னைப் பாத்து, "தாத்தா, செவப்பு எனக்கு"ங்குது. நான் எந்திரிச்சு வந்துட்டேன். திரும்பிப் போகவே இல்லை.

அந்த ரெண்டு மாசம் இருக்குதே. கையில சோறு நிக்காதுங்க, வெரல் எடுக்குல ஒழுகும். ஸ்பூன்ல திங்க மனசு வரலை. கலியாணம் காச்சின்னு எங்கயும் போகலை. எம் மக அவினாசியில இருந்து வந்தா, நான் முன்னாடியே தின்னுட்டேன்னு சொல்லிப் படுத்துக்குவேன். மனசொடிஞ்சு போயிட்டேன்னு ஊருல சொல்லிக்கிட்டாங்க. அதெல்லாம் இல்லீங்க. ஓய்வுல இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் படுத்திருக்கேன், மெஷின் ஓடற சத்தம் கேக்குது. என் மெஷின்! காதுலயே தெரிஞ்சுது. வேகம் கம்மி, பெல்ட்டு மாத்தியிருக்கு, பெரிய பிட்டு. எந்திரிச்சுப் போயிப் பாத்தா, அம்மணி என்ற பழைய சட்டையைச் சேலை மேல போட்டுப் பட்டன் எல்லாம் பூட்டியிருக்கா. முந்தானை உள்ள. கை ரெண்டும் முழங்கைக்கு மேல மடிச்சு, வளையலைக் கழட்டி வெச்சுட்டு, முடியைக் கொண்டை போட்டுத் துணியால கட்டியிருக்கா. தேக்குப் பலகை, கீழ ஒரு வேண்டாத பலகை, ரெண்டையும் சேத்துக் கிளாம்பு. கொஞ்சம் எறக்கறா, தூக்கறா, தூள் வெளிய வருது, மறுபடி எறக்கறா. நிறுத்திட்டு, சக் நிக்கற வரைக்கும் காத்திருந்து, அப்பறம் பிரஷ்ஷால தூளைத் தள்ளறா. வெரலால தொடலை.

"யாரைக் கேட்டு என் மெஷினைத் தொட்ட?"ன்னேன்.

"உங்களைத்தான் கேட்டேன். தூங்கிக்கிட்டு இருந்தீங்க"ன்னா.

வாசல்லயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். விட்டுட்டுப் போக முடியுமா? தப்பு பண்ணுனாச் சொல்லோணுமில்ல. தினமும் உக்காந்தேன். சொல்றதுக்கு ஒண்ணும் வரலை. நான் உக்காந்திருந்ததாலதான் தப்பே வரலைன்னு நெனக்கறேன்.

முடிச்சப்பறம் பாத்தா அந்தப் பிளாஸ்டிக் பலகை மாதிரியேதான், ஆனா தேக்குல. ஒரு பக்கம் கட்டை வெரல் தண்டி ஓட்டை, போகப் போகச் சிறுத்து, மறு பக்கம் பென்சில் தண்டி. குச்சியெல்லாம் சோப்பு மாதிரி வழவழன்னு தேச்சு வெச்சிருந்தா. எல்லாம் நேரா நின்னுது. சாப்பாட்டு மேசையில வெச்சா.

"இதை எனக்கா செஞ்ச? நான் கொழந்தையா?"

"உங்களுக்கு யாரு சொன்னா? எனக்கு முட்டி வலி, பொழுது போகலை. வெளையாடலாம்னு செஞ்சேன். எதுக்கால உக்காந்து யாரு மொதல்ல செருகறதுன்னு பாக்கலாம். உங்களால முடியாதுன்னா விடுங்க."

முட்டி வலிக்கும் வெரலு வெளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு அப்பக் கேக்கத் தோணலீங்க. முடியாதுன்னாளே, அந்த வார்த்தைதான் எனக்கு நின்னுச்சு. உக்காந்துட்டேன். பெரிய ஓட்டைதான் மொதல்ல. குச்சி வழுக்கி வழுக்கி விழுது. மேசைக்கடியில போயி அவதான் பொறுக்கிக் குடுத்தா, முட்டி வலியோட. ஆனா பாருங்க, தோத்தது அவதான். தையல்காரி, ஊசியில நூலு கோக்கற கை, எங்கிட்டத் தோத்துப் போச்சு. மறுநாளும் தோத்தா. அதுக்கு மறுநாளும். ஒரு நாளாச்சும் செயிக்கோணுமில்லீங்க? இன்னை வரைக்கும் நாந்தான். அவளுக்கு வேகம் பத்தாது. நானும் எரக்கப்பட்டு, தினமும் உக்காந்து வெளையாடிக் குடுத்தேன்.

அப்படியே வெரல் மடங்க ஆரம்பிச்சுது. மடங்கறது எல்லாம் தன்னாலதான் வந்துச்சு, பயிற்சின்னு நான் ஒண்ணும் பண்ணலை. நிலோபர் புள்ளை ஒரு நாள் ஊட்டுக்கு வந்து பலகையைப் பாத்துட்டுக் கையிலயே வெச்சுக்கிட்டா. "ஆன்ட்டி, இதே மாதிரி எனக்கு இன்னும் செஞ்சு தர முடியுமா? பக்கவாதம் வந்தவங்களுக்கு இந்தக் கனம்தான் வேணும். பிளாஸ்டிக்னா கையில நிக்கறதே தெரியறதில்லை"ன்னா. அதுல ஆரம்பிச்சதுதான். இப்போ ஈரோட்டுல இருந்து கேக்கறாங்க, திருப்பூர்ல கேக்கறாங்க. வசந்தாமணி பலகைன்னு பேராப் போச்சு. நியாயமாப் பாத்தா அது என் வெரல்ல இருந்து வந்தது. நான் அன்னைக்குக் கிளாம்பு போட்டிருந்தா இந்தப் பலகை ஒலகத்துலயே இருந்திருக்காதில்லீங்க? இதை நான் சொன்னா, "ஆமாங்க, அது வாஸ்தவந்தான்"னு அவளே ஒத்துக்குவா.

மெஷினை இப்ப நான் தொடறதில்லை. பயம்னு இல்லீங்க. அவளுக்கு ஆர்டரு இருக்குது, நான் போயி எடஞ்சல் பண்ண வேண்டாம்னு. ஆனா போன வாரம் மத்தியானம், அவ அந்தப் பக்கம் சலேத்மேரி அம்மாகூடப் பேசிக்கிட்டு இருந்தா. நான் ஷெட்டுக்குள்ள போனேன். எதுக்குப் போனேன்னு தெரியலை. ஒரு பலகையை எடுத்து மேடை மேல வெச்சேன். ஸ்விட்சுகிட்டக் கையைக் கொண்டு போனேனுங்க. கை பாதி வழியிலயே நின்னுருச்சு. ஆபரேசன் பண்ணுன கை, அப்படித்தான் நிக்கும்னு நெனச்சேன். எடது கையைக் கொண்டு போனா, அதும் அங்கயே நின்னுருச்சு.

திரும்பறேன், அம்மணி பின்னால வந்து நிக்கறா. நான் கத்துவான்னு பாத்தேன். கத்தல. அவ பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டா, இன்னொண்ணை எடுத்து எனக்கு மாட்டி விட்டா, காதோரம் ஒட்டி நிக்குதான்னு தடவிப் பாத்தா. பலகையைக் கிளாம்பு போட்டா. என் சட்டைக் கையை மடிச்சு விட்டு, ஸ்விட்சைப் போட்டா. அப்பறம் என் வலது கையை எடுத்துக் கைப்பிடி மேல வெச்சு, "எறக்குங்க, நான் இருக்கேன்"னா. அவ கையையும் அது மேலயே வெச்சுக்கிட்டா.

எறக்குனோம். பிட்டு மரத்துல எறங்கறப்ப ஒரு கொழைவு தெரியும் பாருங்க, வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி. ரெண்டு வெரலும் கைப்பிடியைச் சுத்தி மடங்கிப் புடிச்சிருந்துச்சு. நேரா விழுந்துச்சு ஓட்டை, குண்டூசி அளவுகூடப் பெசகலை. "எப்படி எறக்கறதுன்னு பாத்துக்கிட்டியா? இந்த அழுத்தந்தான் அளவு"ன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். திரும்பிப் பாத்தா, கண்ணுல தண்ணியா ஊத்துது. மூக்கெல்லாம் செவந்து போச்சு.

"என்ன அம்மணி?"ன்னேன்.

"தூசி விழுந்துருச்சுங்க"ன்னா.

மரத்தூள் பொல்லாததுங்க. நீங்க மெஷின் வாங்கறப்ப மறக்காம நல்ல கண்ணாடியாப் பாத்து வாங்கிக்கங்க. ஏன்னா அன்னைக்கு அவ போட்டிருந்தது சுத்தியும் மூடுன கண்ணாடி, ஈ எறும்பு போக வழியில்லை. அதுக்குள்ள எப்படித் தூசி போச்சுன்னு நானும் இந்த ஒரு வாரமா யோசிச்சுப் பாக்கறேன், எனக்குப் புடிபடவே மாட்டேங்குதுங்க.